பின்னம் அன்று, பகுதி: ஒரு வேதியியல் சொல்லின் பொருள்

கொதிநிலை வேறுபட்ட நீர்மங்களின் கலவையைப் பிரித்தெடுக்கும் முறையைக் குறிக்கும் 'பின்னக் காய்ச்சி வடித்தல்' என்ற தொடரை அண்மையில் ஒரு காணொளிப் பாடத்தில் மறுபடியும் கேட்டேன். செய்முறையை விளக்கியவர் பிழையின்றித்தான் விளக்கினார். ஆயினும் அதைப் பார்த்த மாணவர் ஒருவர், கலவையில் எத்தனையில் ஒரு பங்கை வடிக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டார். அப்படிக் கேட்க வைத்தது அந்தச் சொல்.

ஆங்கிலத்தில் இதன் பெயர் 'fractional distillation'. அதன் வேர்களைப் பார்த்தால், இலத்தீனில் 'ஃபிராங்கெரே' என்றால் உடைத்தல், 'ஸ்டில்லா' என்றால் துளி. உடைந்த துண்டு என்ற பொருளிலிருந்து கிளைத்த 'fraction' என்ற ஒரே சொல்லை ஆங்கிலம் கணக்கிலும் வேதியியலிலும் வைத்துக்கொண்டது.

வேதியியலில் அது குறிப்பது வேறு. பென்சீன் 80.1 பாகை செல்சியசிலும் டொலுயீன் 110.6 பாகையிலும் கொதிக்கின்றன. இவ்விரு நீர்மங்களின் கலவையைக் கொதிக்கவைத்தால் எழும் ஆவியில் இரண்டுமே இருக்கும். கண்ணாடி மணிகள் நிரப்பிய நெடுங்குழாயில் அது ஏறும்போது குளிர்ந்து நீர்மமாகி, கீழிருந்து வரும் சூட்டில் மீண்டும் ஆவியாகி, ஒவ்வொரு சுற்றிலும் பென்சீன் மிகுந்துகொண்டே போகும். குழாயின் உச்சியில் வெப்பநிலை ஏறாமல் நிற்கும் வரை வடிந்து சேர்வது ஒரு பகுதி. அது ஏறி மீண்டும் நிலைத்தபின் சேர்வது அடுத்த பகுதி. இதில் அரையும் இல்லை, காலும் இல்லை.

'பின்னம்' வடமொழியில் உடைந்தது என்றே பொருள்படும், ஆகவே மூலத்தோடு வேர் பொருந்துகிறது என்பார்கள். உண்மைதான், ஆனால் கலைச்சொல் வேரில் வாழ்வதில்லை, வழக்கில் வாழ்கிறது. தமிழ் வழக்கில் பின்னம் என்பது முக்கால், அரைக்கால் போன்ற எண், அல்லது சிலை பின்னப்பட்டது என்பதுபோலச் சிதைவு. வடியும் நீர்மத்துக்கு இரண்டுமே நேர்வதில்லை. வடசொல் என்பதற்காக நான் இதைத் தள்ளவில்லை. தெளிவாக இருந்தால் ஏற்றிருப்பேன். அகராதியில் முதலில் நிற்கும் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு, அந்தப் பொருள் செய்முறையில் எங்கே இருக்கிறது என்று பாராமல் போகும் மொழிபெயர்ப்புப் பழக்கமே என்னை வருத்துகிறது. அந்தப் பழக்கத்தால்தான் கச்சா எண்ணெயை வடிக்கும்போது பிரியும் மண்ணெண்ணெய்ப் பகுதியை 'மண்ணெண்ணெய்ப் பின்னம்' என்று எழுதவும் கை கூசுவதில்லை.

இலங்கைத் தமிழில் வழங்கும் 'பகுதிபடக் காய்ச்சி வடித்தல்' இதைவிடச் செம்மையானது. பின்ன எண்ணின் கீழ் எண்ணையும் பகுதி என்கிறோமே என்று ஒருவர் மறுக்கலாம். 'பட' என்ற ஈறு அந்தக் குழப்பத்தை நீக்கிவிடுகிறது: பகுதி பகுதியாகப் பிரியும்படி வடிப்பது என்று வினை நடக்கும் விதத்தையே அது சொல்கிறது.

'காய்ச்சி' என்பதிலும் எனக்கு ஓர் ஐயம் உண்டு. நீர்மக் காற்றிலிருந்து நைட்ரசன் −196 பாகையிலும் ஆக்சிசன் −183 பாகையிலும் கொதித்துப் பிரிகின்றன. அந்தக் கடுங்குளிரில் நடப்பதைக் காய்ச்சுதல் என்று சொல்ல நா வரவில்லை. சித்த மருத்துவர்கள் 'வாலையில் வடித்தல்' என்று கருவியின் பெயராலேயே சொல்லிவந்தார்கள். காற்றைப் பிரிக்குமிடத்தில் 'பகுதிபட வடித்தல்' என்றே நான் எழுதுகிறேன்.