"யாரும் திறக்கவே இல்லை சார்" என்று சொல்லி விற்றால் வாங்காதீர்கள்

இந்த வருஷத்தில் என் மேசைக்கு வந்த நான்காவது கோர்க் பாலிசிக்ஸ் இது. மின்சுற்றால் ஒலி உண்டாக்கும் பழைய கீபோர்டு, அதாவது சிந்தசைசர். கொண்டு வந்த தம்பி குறும்படங்களுக்கு இசையமைக்கிறவர். சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் ஜப்பானிலிருந்து வரவழைத்திருக்கிறார். வந்ததும் சொன்னது: "நாற்பது வருஷமா யாரும் திறக்கவே இல்லை சார். அப்படியே ஒரிஜினல்."

திருகுகளைக் கழற்றி மூடியைத் தூக்கினேன். உள்ளே பேட்டரியைச் சுற்றிப் பச்சையும் நீலமுமாகப் பொருக்கு. துணியால் மெல்லத் தொட்டதும் ஒரு ஐசி சிப்பின் கால் உதிர்ந்து துணியோடு வந்துவிட்டது. தம்பி அதற்கப்புறம் பேசவில்லை.

1981-ல் வந்த கருவி இது. நாம் அமைத்த 32 ஒலிகளை மறக்காமல் வைத்திருக்க உள்ளே ஒரு நிக்கல்-காட்மியம் பேட்டரி, போர்டிலேயே பற்றவைத்திருக்கும். வயதானால் அது கசியும். கசிகிற காரம் செம்புத் தடங்களை அரிக்கும். சுவிட்ச் போடாமல் மூடி வைத்திருந்தாலும் அரிக்கும். அப்படியிருக்க, "திறக்கவில்லை" என்றால் நாற்பது வருஷம் யாரும் வைத்தியம் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம்.

பலர் இதை வீணை மாதிரி நினைக்கிறார்கள். பலா மரம் பழகப் பழக நாதம் கூடும், உண்மை. சிந்தசைசருக்குள் நாதம் தருவது மரம் இல்லையே. கெப்பாசிட்டர் காயும், பேட்டரி கசியும், ஸ்லைடரில் தூசி அடையும். எதுவுமே வயதால் இனிமையாவதில்லை.

இந்தக் கருவிகள்மேல் ஏன் இவ்வளவு ஆசை என்று எனக்கும் தெரியும். ஒவ்வொரு வேலைக்கும் தனிக் குமிழ். ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைக்கும் ஃபில்டரைத் திருப்பினால் கைக்குள்ளேயே ஒலி விரிகிறது. பாலிசிக்ஸில் ஒரே நேரத்தில் ஆறு ஸ்வரம் ஒலிக்கும், ஒவ்வொன்றும் ஒரு குரல். அந்த ஆறு குரல்களையும் ஒரே கட்டையில் சேர்த்து அழுத்தினால், மயிரிழை சுருதி விலகலில் ஒரு கூட்டமே பாடுவது போல இருக்கும். அந்த விலகல் அழகுதான்.

ஆனால் எல்லாக் கோளாறும் அழகு ஆகிவிடாது. இன்னொருவரின் ரோலண்ட் ஜூனோ-106 சிந்தசைசரில் ஆறு ஸ்வரத்துக்கு ஒருமுறை கரகரவென்று வருகிறது. "அனலாக் வார்ம்த் சார்" என்கிறார், பழைய கருவிக்கே உரிய இதமான ஒலியாம். இல்லவே இல்லை! ஜூனோவின் சுருதியை டிஜிட்டல் கடிகாரம் கட்டிப்போட்டிருக்கிறது, அது விலகாது. அதன் செழுமை பெரும்பாலும் கோரஸ் தருவது, ஒரு ஒலியைப் பல ஒலியாகக் கேட்க வைக்கும் எஃபெக்ட் அது. கரகரப்புக்குக் காரணம் குரலுக்கு ஒன்றாக உள்ள 80017ஏ சிப். அதன் மேல்பூச்சுப் பிசின் கெட்டுவிட்டது. கீ டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தியபடியே சுவிட்ச் போடுங்கள். பிறகு ஒவ்வொரு கட்டையாக வாசித்தால் எந்தக் குரலுக்கு நோய் என்று திரையில் எண்ணே காட்டும்.

வாங்கும் முன் உள்ளே எடுத்த படம் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். வந்ததும் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள்: ஜப்பானில் 100 வோல்ட், நம் வீட்டில் 230. பத்து ரூபாய் அடாப்டர் பின்னின் வடிவத்தை மாற்றுமே தவிர வோல்டேஜை மாற்றாது. வோல்டேஜை இறக்கும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகவே செருகாதீர்கள். ஃபியூஸ் போனால் செம்புக் கம்பியை முறுக்கிப் போடுவது கருவியைக் கொளுத்துவதற்குச் சமம். ஸ்லைடரில் டபிள்யூடி-40 அடிக்காதீர்கள், கான்டாக்ட் கிளீனர் என்று கேட்டு வாங்குங்கள். தொழில் செய்கிற தம்பிகளுக்கு ஒன்று: பாலிசிக்ஸில் பழைய பேட்டரிக்குப் பதில் லித்தியம் மாட்டினால், அதற்குள் சார்ஜ் ஏறாதபடி, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு போட மறக்காதீர்கள்.

வீட்டில் திறக்காத பாலிசிக்ஸ் இருந்தால், தயவுசெய்து இந்த வாரமே யாரிடமாவது காட்டுங்கள்.

தம்பியின் போர்டை வினிகரால் கழுவி, அறுந்த தடங்களுக்கு ஒவ்வொன்றாக வயர் இழுத்துக்கொண்டிருக்கிறேன். ஆறு குரலும் வந்துவிட்டன. நினைவகப் பொத்தான்கள் மட்டும் இன்னும் தானாக மாறுகின்றன. தினமும் சாயங்காலம் போன் செய்து கேட்கிறார்.