மின்கலமும் மின்கல அடுக்கும்: ‘பேட்டரி’ என்னும் சொல்லின் பொருள்

‘பேட்டரி’ ஆங்கிலத்தின் வழியாக நம்மிடம் வந்த சொல். அதன் வேர், அடித்தலைக் குறிக்கும் பிரெஞ்சு வினைச்சொல்லில் இருக்கிறது. தாக்குதலைச் சுட்டிய அச்சொல் பின்னர் ஒருங்கே நிறுத்தப்பட்ட பீரங்கி வரிசைக்குப் பெயரானது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின், மின்னூட்டத்தைத் தேக்கும் லேடன் சாடிகள் பலவற்றை ஒன்றாக இணைத்து, அத்தொகுதியை அப்பெயரால் அழைத்தார். ஆகவே தொகுதி என்பதே இச்சொல்லின் உட்பொருள்.

ஆனால் லேடன் சாடி, வெளியிலிருந்து பெற்ற மின்னூட்டத்தை நொடியில் இழந்துவிடும். தொடர்ந்து பாயும் மின்னோட்டத்தை 1800இல் உலகுக்கு அறிவித்தவர் இத்தாலிய அறிஞர் அலெசாண்ட்ரோ வோல்ட்டா. துத்தநாகத் தகடு, வெள்ளித் தகடு, உப்புநீரில் நனைத்த அட்டை என்ற வரிசையில் அவர் அடுக்கிக்கொண்டே போனார். அடுக்கு உயர உயர மின்னழுத்தமும் கூடியது. அதனால்தான் ‘மின்கல அடுக்கு’ என்னும் தமிழ்ச்சொல், பீரங்கியை நினைவூட்டும் அயற்சொல்லைவிடப் பொருளுக்கு நெருக்கமானது என்பேன்.

அடுக்கின் ஓர் உறுப்பே மின்கலம். பாண்டம், மரக்கலம், அணிகலன் எனப் பல பொருள் தரும் ‘கலம்’ இங்கே பாண்டத்தையே குறிக்கிறது. வேதிவினை நிகழும் பாண்டம் அது. டார்ச் விளக்கில் இடும் சாதாரணக் கலத்தில் துத்தநாகக் குவளையே எதிர்முனையாகிறது. நடுவிலுள்ள கரித்தண்டு நேர்முனை. விளக்கைப் போட்டுச் சுற்று மூடியதும், துத்தநாக அணு ஒவ்வொன்றும் இரண்டு எலக்ட்ரான்களை விட்டுவிட்டு, மின்னூட்டம் கொண்ட அயனியாக மாற, அந்த எலக்ட்ரான்கள் கம்பியின் வழியே விளக்கை எரித்துக்கொண்டு கரித்தண்டை அடைந்து, அதைச் சூழ்ந்துள்ள மாங்கனீசு டை ஆக்சைடால் ஏற்கப்படுகின்றன. உள்ளே, இரு முனைகளுக்கும் இடையே அயனிகளைக் கடத்தும் பொருளான மின்பகுபொருளில் அயனிகள் நகர்ந்து மின்னூட்டச் சமநிலையைக் காக்கின்றன. அந்த நகர்வு இல்லையேல் ஓட்டம் உடனே நின்றுவிடும். மின்சாரத்தை அடைத்து வைத்த பெட்டி என்று இதனைக் கருதுவது பெரும்பிழை: கலத்துள் இருப்பது வேதியாற்றல், அது மின்னாற்றலாக மாறுவது சுற்று மூடிய பின்னரே.

இந்தக் கலம் தருவது ஏறத்தாழ 1.5 வோல்ட். காரில் உள்ள 12 வோல்ட் ஈய அமில பேட்டரியிலோ, ஒவ்வொன்றும் சுமார் 2 வோல்ட் தரும் 6 கலங்கள் தொடராக இணைந்திருக்கின்றன. அதனை மின்கல அடுக்கு என்பதே முறை. கைப்பேசிகள் பலவற்றில் இருப்பது ஒரே ஒரு லித்தியம் அயனிக் கலம். அதற்கு மின்கலம் என்ற பெயரே போதும்.