வளைகாப்போடு நின்றுபோகும் வகுப்பு

மதுரையில் கர்ப்பிணிகளுக்கு யோகா வகுப்பு நடத்தும் பிசியோதெரபிஸ்ட் நான். ஏழாம் மாதம் தொடங்கிவிட்டால் வருகைப் பதிவேட்டில் பெயர்கள் குறையத் தொடங்கும். வளைகாப்பு முடிந்த கையோடு உசிலம்பட்டிக்கோ மேலூருக்கோ தாய் வீட்டுக்குப் புறப்பட்டுவிடுவார்கள். கற்றதெல்லாம் கைகொடுக்க வேண்டிய நேரத்தில் பயிற்சி நின்றுவிடுகிறது. பிரசவ அறையில் மகளின் பக்கத்தில் நிற்கப்போகிற அம்மாவோ, வகுப்பை ஒரு நாள்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

"யோகா செய்தால் சுகப்பிரசவம்தானே மேடம்?" என்று கேட்காத ஆள் இல்லை. அந்த உறுதியை யாராலும் தர முடியாது. நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கலாம், குழந்தையின் இதயத் துடிப்பு குறையலாம், இரத்த அழுத்தம் ஏறலாம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவங்களில் ஏறக்குறைய 45 சிசேரியன். காரணங்கள் பல, ஆனால் ஆசனம் செய்யாத குற்றத்துக்காக யாரையும் ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோவதில்லை. 'சுகப்பிரசவ கியாரண்டி' என்று போர்டு வைத்த வகுப்பைக் கண்டால் அடுத்த தெருவுக்கு நடந்துவிடுங்கள்.

பிறகு எதற்கு வகுப்பு? வலிக்கு ஒரு கணக்கு உண்டு. பிரசவ வலி நன்றாகப் பிடித்த பிறகு, பத்து நிமிடத்தில் மூன்று நான்கு முறை வரும். ஒவ்வொன்றும் முக்கால் நிமிடம், ஒரு நிமிடம் நீடிக்கும். மீதி நேரமெல்லாம் ஓய்வு. அந்த ஓய்வை எடுக்கத் தெரியாமல், அடுத்த வலிக்குப் பயந்து பல்லைக் கடித்தே பலர் சோர்ந்துவிடுகிறார்கள். அதனால் வகுப்பில் ஃப்ரிட்ஜ் ஐஸ்கட்டி ஒன்றை உள்ளங்கையில் வைத்து ஒரு நிமிடம் இறுகப் பிடிக்கச் சொல்வேன். முதல் முறை தோள் காதுவரை ஏறும், மூச்சு நிற்கும். மூக்கால் இழுத்து, இழுத்ததைவிட நீளமாக வாயால் விடும்படி சொல்லி, தாடையைத் தளர்த்தச் சொன்னால், அதே ஐஸ்கட்டியை அடுத்த முறை முழு நிமிடமும் பிடித்திருப்பார்கள். அவ்வளவுதான் சூட்சுமம். இத்தனைக்குப் பிறகும் வலி தாங்காமல் எபிடூரல் ஊசி (வலி தெரியாமலிருக்க முதுகில் போடுவது) கேட்டால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரு முறை திருமங்கலத்திலிருந்து மகளோடு வந்த அம்மா, இந்த ஐஸ்கட்டிப் பயிற்சியில் இருபது நொடி தாண்டுவதற்குள் "போதும்டி, கீழே போடு" என்று கையைப் பிடித்துவிட்டார். பிரசவ அறையிலும் இதுதான் நடக்கிறது. மகள் முனகினால் அம்மா அழுகிறார். அம்மா அழுதால் மகள் மூச்சுப் பயிற்சியை மறந்துவிடுகிறாள். வலி வரும்போது இடுப்பின் பின்பக்கம் உள்ளங்கையால் அழுத்திக் கொடுப்பது, நடக்கத் துணைபோவது, தாமே சத்தமாக மூச்சுவிட்டு வழிகாட்டுவது என்று அன்று அந்த அம்மாவுக்கும் வேலை கொடுத்தேன். சிக்கல் இல்லாத பிரசவத்தில் நிமிர்ந்தும் நடந்தும் இருக்க ஊக்குவிக்கலாம் என்றும், விரும்பிய துணை ஒருவர் உடன் இருக்கலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்தது. நம் அரசு மருத்துவமனைகளிலும் பிரசவத் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கிறார்கள். அந்த இடத்தில் நிற்கப்போகிறவரை வளைகாப்புக்கு முன்பே ஒரு நாளாவது வகுப்புக்கு அழைத்து வாருங்கள். நான் தனிக் கட்டணம் வாங்குவதில்லை. மாமியார் வந்தாலும் சரிதான்.

"நாங்கள் நடவு நட்டுக்கொண்டே பெற்றோம், யோகாவா செய்தோம்?" என்று கேட்கும் பாட்டிகளோடு நான் வாதாடுவதில்லை. குத்துக்காலிட்டு உட்காருவது அவர்களுக்கு அன்றாடம். பேத்திக்கு நாள் முழுக்க நாற்காலிதான்; அவளுக்கு ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி மெல்ல உட்காரச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

ஆனால் எல்லோருக்கும் எல்லாம் பொருந்தாது. கருப்பை வாயில் தையல் போட்டவர்கள், நஞ்சுக்கொடி கீழே இருப்பவர்கள், இரத்தப்போக்கு கண்டவர்கள், இரத்த அழுத்தமோ கடுமையான இரத்தசோகையோ உள்ளவர்கள் மகப்பேறு மருத்துவரின் சம்மதம் இல்லாமல் பாயை விரிக்கவே கூடாது. செல்போனில் பார்த்துக் கபாலபாதி, பஸ்திரிகா என்ற வேகமான மூச்சுப் பயிற்சிகளைச் செய்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. வயிற்றை இறுக்கி உதறும் மூச்சும் மூச்சடக்குவதும் இப்போது வேண்டாம். குப்புறப் படுப்பதும் வயிற்றை முறுக்குவதும் அப்படியே. ஐந்தாம் மாதத்துக்குப் பின் மல்லாந்து நெடுநேரம் கிடந்தால், கருப்பையின் பாரம் இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய சிரையை அழுத்தித் தலைசுற்றும். எங்கள் வகுப்பில் சவாசனம், இடப்பக்கம் ஒருக்களித்து, முழங்கால்களுக்கிடையே தலையணை வைத்துத்தான். பட்டாம்பூச்சி ஆசனத்தில் அடிவயிற்று எலும்பு வலித்தால் தொடையை விரிக்காதீர்கள். சித்திரை வெயிலில் காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். தண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும்.

பயிற்சியின் நடுவே நீர் கசிந்தாலோ, இரத்தம் பட்டாலோ, வயிறு விட்டுவிட்டு இறுகுவது ஓய்வெடுத்தும் அடங்காவிட்டாலோ, கண் மங்கித் தலைவலித்தாலோ உடனே நிறுத்துங்கள். என்னைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள், தாய் சேய் நல அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.