தொடக்கப் பள்ளியில் ஓர் ஆண்டு: பெற்றோர் எதையெல்லாம் கேட்கலாம்?

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பாடநூல் வந்ததா, குறிப்பேடு வந்ததா, காலணி காலுக்குப் பொருந்துகிறதா என்று எல்லாப் பெற்றோரும் பார்த்துவிடுகிறார்கள். வராவிட்டால் ஆசிரியரிடம் போய்க் கேட்கவும் செய்கிறார்கள். ஆனால் பிள்ளைக்கு ஆண்டு முழுவதும் சேர வேண்டியவற்றில் பையில் போட்டுத் தர முடியாதவையே அதிகம். எத்தனை நாள் பாடம், எத்தனை ஆசிரியர், பிள்ளை எந்த அளவுக்குப் படிக்கிறாள் என்ற தகவல் ஆகியவையும் சட்டப்படி கேட்டுப் பெறக்கூடியவைதான். தமிழ்நாட்டின் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் 1 முதல் 5ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். 2009இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 6 முதல் 14 வயது வரை, எட்டாம் வகுப்பு முடியும்வரை, வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளியில் கட்டணமின்றிப் படிக்கும் உரிமையை இது தருகிறது. தமிழ்நாட்டில் ஐந்து வயது நிறைந்த பிள்ளையையே ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்கிறார்கள்.

சேர்க்கையின்போது பெற்றோரை அலைக்கழிக்கும் பல காரணங்களை இந்தச் சட்டம் ஏற்பதில்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று சொல்லிப் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது. ஆதார் இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. வேறு பள்ளியிலிருந்து மாறி வரும் பிள்ளையின் மாற்றுச் சான்றிதழ் தாமதமானால், அதைக் காட்டிப் புதிய பள்ளி காக்க வைக்கவும் கூடாது. பழைய பள்ளியின் தலைமை ஆசிரியர் கேட்ட உடனே அதைக் கொடுத்தாக வேண்டும். ஜூன் தாண்டிவிட்டது என்ற பதிலும் செல்லாது. வேலை தேடி ஊர் மாறும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். செங்கல் சூளைக்கோ கட்டட வேலைக்கோ போன இடத்தில் பிள்ளையைச் சேர்க்க அந்தக் குடும்பங்கள் தயங்குகின்றன. சட்டத்தில் அந்தத் தயக்கத்துக்கு இடமே இல்லை.

இடையில் படிப்பை விட்ட பிள்ளையையும், பள்ளிக்கே போகாத பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும். பத்து வயதுச் சிறுவனை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைப்பது தவறு. விட்டுப்போனதை ஈடுசெய்யத் தனிப் பயிற்சி தருவது பள்ளியின் பொறுப்பு.

கைக்கு வந்து சேர்பவை பலருக்கும் தெரிந்தவை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பாடநூல், குறிப்பேடு, புத்தகப் பை, காலணி, வண்ணப் பென்சில் எதற்கும் காசு இல்லை. சத்துணவுத் திட்டத்தில் பெயர் உள்ள பிள்ளைக்கு நான்கு இணைச் சீருடை உண்டு. பாடநூல் மூன்று பருவங்களாகப் பிரித்து வருவதால், ஜூனில் கிடைப்பது முதல் பருவத்துக்கு உரியது மட்டுமே. இரண்டாம் பருவ நூல் காலாண்டு விடுமுறைக்குப் பிறகும், மூன்றாம் பருவ நூல் ஜனவரியிலும் வர வேண்டும்.

மதிய உணவோடு ஐந்து பள்ளி நாள்களிலும் முட்டை உண்டு. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 ஜூலையில் ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு ஒன்றாக, பாடம் தொடங்கும் முன்பே பரிமாற வேண்டும். 1 முதல் 5ஆம் வகுப்புவரை இது உண்டு. உணவின் அளவோ தரமோ குறைந்தால் பெற்றோர் கேட்கலாம். அப்படிக் கேட்பது சமைப்பவர்மீது சண்டைக்குப் போவதாகாது. சரக்கு வராத நாளில் அவருக்கும் பெற்றோரின் குரல் உதவியாகவே இருக்கும்.

நாளும் ஆளும்

ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள்கள், 800 மணிநேரக் கற்பித்தல் என்று சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. வகுத்துப் பார்த்தால் நாளுக்கு நான்கு மணிநேரம். இது குறைந்தபட்ச அளவு மட்டுமே. மழை விடுமுறை, உள்ளூர் விடுமுறை என்று நாள்கள் குறைந்தால், ஈடு செய்யும் நாள் எது என்று கேட்பதில் தவறில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிரக் கல்விக்குத் தொடர்பில்லாத வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பவும் சட்டம் தடை விதித்திருக்கிறது.

ஆசிரியர் எண்ணிக்கையில்தான் சிக்கல். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 90 வரை மூவர், 120 வரை நால்வர் என்று அட்டவணை ஏறிக்கொண்டே போகிறது. 30 பேருக்கு ஒருவர் என்று கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் 45 பிள்ளைகள் படிக்கும் சிற்றூர்ப் பள்ளியில் வகுப்புகள் ஐந்து, ஆசிரியர் இருவர். ஒருவர் விடுப்பில் போனால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில் விழும். சட்டத்தை மீறாமலேயே இப்படி நடக்கிறது என்பதுதான் இதில் கசப்பானது. இருக்க வேண்டிய இருவரில் ஒரு பணியிடம் மாதக்கணக்கில் காலியாகவே கிடந்தால், அது சட்ட மீறல். அதை வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும்.

பிள்ளை எந்த நிலையில் இருக்கிறாள்?

கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. அந்த இடைவெளியை அடைக்க 2022 ஜூனில் 1 முதல் 3ஆம் வகுப்புகளுக்கு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. அடுத்த ஆண்டு 4, 5ஆம் வகுப்புகளுக்கும் நீண்டது. எட்டு வயதுக்குள் பிள்ளை பொருள் புரிந்து படிக்கவும் எளிய கணக்குப் போடவும் வேண்டும் என்பது இதன் நோக்கம். முதல் மூன்று வகுப்புகளில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளில் வைத்துப் பாடம் நடத்துகிறார்கள். மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை தமிழில் மொட்டிலும் கணக்கில் அரும்பிலும் இருக்கலாம்.

இந்த விவரம் ஆசிரியரிடம் இருக்கிறது. பெற்றோர் அதைக் கேட்பதில்லை. கூட்டத்துக்கு வந்தால் “எம்புள்ளை ஒழுங்கா இருக்கானா?” என்று கேட்டு, “நல்லா இருக்கான்” என்ற பதிலோடு திரும்பிவிடுகிறார்கள். பெற்றோரைத் தவறாமல் சந்தித்து வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைச் சொல்வதைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு ஆசிரியரின் கடமையாகவே வைத்திருக்கிறது. ஆகவே தயங்காமல் இப்படிக் கேட்கலாம்: தமிழில் எந்த நிலை, ஆங்கிலத்தில் எந்த நிலை, கணக்கில் எந்த நிலை? சென்ற பருவத்தில் எங்கே இருந்தாள்? அடுத்த நிலைக்குப் போக எதில் தடுமாறுகிறாள்?

மதிப்பெண் அட்டையை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது என்பதால் இவ்வளவு சொல்கிறேன். முப்பருவ முறையில் செயல்பாடுகளுக்கான வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதித் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண் பிரிகிறது. எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதில்லை என்பது தமிழ்நாட்டின் நிலைப்பாடு. 5, 8ஆம் வகுப்புகளில் தேர்வு வைத்து நிறுத்தலாம் என்று 2019இல் மத்திய அரசு சட்டத்தைத் திருத்தியது. அதை ஒட்டித் தமிழ்நாடு அறிவித்த பொதுத்தேர்வு 2020 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. பத்து வயதுப் பிள்ளையின்மேல் தோல்வி முத்திரை குத்தாமல் விட்டது நல்ல முடிவு என்பதே என் கருத்து. ஆனால் இதனால் அட்டையில் உள்ள ‘தேர்ச்சி’ பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போகிறாள் என்பதை மட்டுமே சொல்லும். அவளுக்குப் படிக்கத் தெரியுமா என்பதைச் சொல்லாது. பாடநூலில் இல்லாத நான்கு வரியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னால் வீட்டிலேயே தெரிந்துவிடும்.

அடிப்பதையும், மனம் நோகும்படி நடத்துவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. “நாலு அடி போட்டுத் திருத்துங்க சார்” என்று பெற்றோரே அனுமதி கொடுத்தாலும் அது செல்லாது. பள்ளி ஆசிரியர் தனியே டியூஷன் எடுப்பதற்கும் தடை உண்டு. இந்த விதிகள் தனியார் பள்ளிக்கும் பொருந்தும். அதேபோல, சேர்க்கைக்கு நன்கொடை வாங்குவதும் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைப்பதும் எந்தப் பள்ளிக்கும் கூடாதவை. தேர்வு வைத்தால் முதல்முறை 25,000 ரூபாய் வரையும், பிறகு ஒவ்வொரு முறையும் 50,000 ரூபாய் வரையும் அபராதம் உண்டு.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கட்டணமின்றிப் படிக்கும் உரிமையை 18 வயது வரை நீட்டியிருக்கிறது. அருகிலுள்ள சாதாரணப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுப்பது குடும்பத்தின் விருப்பம். சிறப்பு ஆசிரியரின் உதவிக்கு வட்டார வள மையத்தைக் கேட்க வேண்டும்.

குறை இருந்தால்

முதலில் தலைமை ஆசிரியர், அடுத்துப் பள்ளி மேலாண்மைக் குழு. இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுதுவதும், பள்ளிக்கு வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் இவர்கள் வேலை. தலைமை ஆசிரியர் நீட்டிய தீர்மானத்தில் கையெழுத்துப் போடும் இடமாகவே இதைப் பலர் வைத்திருக்கிறார்கள். கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை என்று அதே தீர்மானப் புத்தகத்தில் எழுத வைக்கவும் முடியும். அங்கே தீராவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவின்படி எழுத்தில் தந்த புகாருக்கு மூன்று மாதங்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதற்கும் மேலே மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது. தொலைபேசியில் கேட்கப் பள்ளிக் கல்வித் துறையின் 14417. பிள்ளை துன்புறுத்தப்பட்டால் 1098.

ஐந்தாம் வகுப்போடு முடியும் பள்ளியாக இருந்தால், ஏப்ரலில் மாற்றுச் சான்றிதழ் வாங்குவதற்கு முன்பே ஆறாம் வகுப்பு எங்கே என்று முடிவு செய்துகொள்வது நல்லது. பிள்ளையை அப்போது தனியார் பள்ளிக்கு மாற்ற நினைப்பவர்கள் ஒன்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். மருத்துவப் படிப்பிலும் பிற தொழிற்படிப்புகளிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்குள்ள 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கும், கல்லூரியில் படிக்கும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும், எங்கே படித்தாள் என்பதை ஆறாம் வகுப்பிலிருந்துதான் எண்ணத் தொடங்குகிறார்கள்.