பழைய டிரம் கூழும் புதிய மாங்காய் விலையும்

போச்சம்பள்ளி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "2025-ல் ஜூஸ் ஆலைகள் வாங்கும் பெங்களூரா ரக மாங்காய் கிலோ நாலைந்து ரூபாய்க்கு விழுந்தது. மாம்பழ ஜூஸ் விலை மட்டும் குறையவே இல்லை. ஆலைக்காரர்கள் பேசிவைத்துக்கொண்டு விலையை அமுக்குகிறார்களா?"

ஜூஸ் விஷயம் எளிது. பாட்டிலில் பெரும்பங்கு தண்ணீரும் சர்க்கரையும்தான், மாம்பழக் கூழின் செலவு சிறு பகுதி. வாங்கும் விலையைப் பேசிவைப்பதை 2002 போட்டிச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு தடைசெய்கிறது. ஆனால் ஒருவரோடொருவர் பேசாமலேயே எல்லா ஆலைகளும் ஒரே வாரத்தில் விலையை இறக்க முடியும். அதற்கான காரணம் வங்கிக் கடனில் இருக்கிறது.

ஆலை இரண்டு மூன்று மாதத்தில் காய் வாங்கிக் கூழாக்கி, கிருமிநீக்கிய பையில் நிரப்பி, இரும்பு டிரம்மில் அடைக்கிறது. ஒரு டிரம்முக்கு ஏறத்தாழ 215 கிலோ. விற்பனையோ ஆண்டு முழுக்க நடக்கும். இடைவெளியை நிரப்புவது கேஷ் கிரெடிட், அதாவது சரக்கை ஈடாகக் காட்டி வங்கியில் எடுக்கும் கடன். வங்கி சரக்கு மதிப்பில், உதாரணமாக, 75 சதவீதம் தரும். மீதி 25 சதவீதம் மார்ஜின், அது முதலாளியின் சொந்தப் பணம்.

ஒரு மாதிரிக் கணக்கு. காய் கிலோ 20 ரூபாய், ஒரு கிலோ கூழுக்கு இரண்டு கிலோ காய், பக்குவச் செலவு 12 ரூபாய். அடக்கம் 52 ரூபாய். 1,000 டன்னுக்கு 5.2 கோடி, அதில் சொந்தப் பணம் 1.3 கோடி. அடுத்த மே மாதத்திற்குள் 600 டன் அடக்க விலைக்கே விற்றது, 400 டன் தேங்கியது என்று வையுங்கள். இப்போது கூழ் விலை 40 ரூபாய். வங்கி அடக்க விலை, சந்தை விலை இரண்டில் குறைந்ததையே எடுக்கும். எனவே தேங்கிய சரக்கின் மதிப்பு 1.6 கோடி, அதன்மேல் டிராயிங் பவர், அதாவது எடுக்கக்கூடிய கடனின் வரம்பு, 1.2 கோடி. பழைய அடக்க விலையில் அதன்மேல் வாங்கி நிற்கும் கடனோ 1.56 கோடி. 36 லட்சத்தை ஆலை கட்டியாக வேண்டும். விற்ற சரக்கிலிருந்து திரும்பிய சொந்தப் பணம் 78 லட்சம். அதில் இந்த 36 லட்சத்தைக் கழித்தால் மிஞ்சுவது 42 லட்சம். மார்ஜின் 25 சதவீதம் என்பதால், நான்கு மடங்கு கணக்கில் அது தாங்கும் புதுக் கொள்முதல் 1.68 கோடிதான். கூழ் விலை கால்பங்குக்கும் குறைவாகவே சரிந்தது, வாங்கும் திறனோ மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போனது!

இதோடு நிற்பதில்லை. பணம் திரட்டப் பழைய டிரம்களை அவசரமாகத் தள்ளிவிடுவார்கள். கூழ் விலை மேலும் இறங்கும். பக்கத்து ஆலையின் டிராயிங் பவரும் சுருங்கும். வைத்திருந்தாலும் வட்டி ஏறும், கூழின் நிறம் கறுக்கும். கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சந்தூரிலும் காவேரிப்பட்டணத்திலும் காய் காத்திருக்காது. பெங்களூராவைக் கடுங்குளிரில் வைத்தால் தோல் கறுத்துப் பழுக்காமல் கெடும். காத்திருக்க முடியாதவர் கேட்ட விலைக்குக் கொடுக்கிறார்.

விலை விழுந்தபின் கிலோவுக்கு மானியம் தருவது தேவைதான், ஆனால் தாமதமான மருந்து. ஆலைகள் மாதாமாதம் வங்கிக்கு ஸ்டாக் ஸ்டேட்மென்ட் (கையிருப்புக் கணக்கு) கொடுக்கின்றன. கிருஷ்ணகிரி, சித்தூர் இரண்டு வட்டாரங்களிலும் தேங்கியிருக்கும் கூழின் மொத்த அளவை மட்டும், ஆலைப் பெயர் இல்லாமல், தோப்புக் குத்தகை பேசும் காலத்திற்கு முன்பே அரசு வெளியிட வேண்டும். இன்று அந்த எண் வங்கி மேலாளருக்குத் தெரிகிறது, தோப்பைக் குத்தகைக்கு எடுப்பவருக்குத் தெரிவதில்லை.