பூட்டும் அவிழ்ப்பும்: ‘பைண்டிங்’ என்பதற்குத் தமிழ்

என் பெறாமகன் (அண்ணனின் மகன்) சுவிஸில் பனிச்சறுக்குக் கருவிகளைத் திருத்தும் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறான். விடுமுறைக்கு இலங்கையின் வன்னியில் உள்ள வட்டக்கச்சிக்கு வந்திருந்தபோது, தன் வேலை என்னவென்று அப்பப்பாவுக்கு விளக்க முயன்றான். மலை, பனி, காலில் மாட்டும் நீண்ட கட்டை என்பது வரை கதை நன்றாகவே போனது. ‘பைண்டிங்’ என்ற சொல் வந்ததும் நின்றுவிட்டது. சப்பாத்தையும் கட்டையையும் சேர்த்து வைத்திருக்கும் கருவி அது. “கட்டு” என்று சொல்லிப் பார்த்தான். “கால் முறிந்தவனுக்குப் போடுவதா?” என்று கேட்டார் என் தந்தை. “சித்தப்பா, இதற்குத் தமிழில் என்ன?” என்று அவன் என் பக்கம் திரும்பினான். உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. இரண்டு வாரம் அந்தச் சொல்லோடுதான் திரிந்தேன்.

முதலில் கட்டையின் பெயர். ‘ஸ்கீ’ என்பது பழைய நோர்ஸ் மொழியில் பிளந்த மரத்துண்டைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. நோர்வேயில் இன்றும் அதை ‘ஷீ’ என்றே ஒலிக்கிறார்கள். ஆகவே ‘சறுக்குக்கட்டை’ என்பது மூலப் பொருளுக்கு நெருங்கிய பெயர்தான். ‘பனி’ என்ற சொல்லில்தான் வன்னியில் ஒரு சிறு தடுமாற்றம் உண்டு. இங்கே பனி என்றால் மார்கழி விடியலில் வயலை மூடும் புகார், புகைபோன்ற மூட்டம். ஆனாலும் ‘பனிச்சறுக்கு’ பழகிவிட்ட சொல், அது இருக்கட்டும்.

‘பைண்டிங்’ என்பதன் வேர் ‘கட்டு’ என்ற பொருளுடைய பழைய வினை. ஜேர்மன் மொழியில் ‘பிண்டுங்’ என்பார்கள். வடமொழியின் ‘பந்த்’ என்ற வினையும் அதே குடும்பத்தது. நாம் உறவுக்குச் சொல்லும் ‘பந்தம்’ அதிலிருந்து வந்தது. தொடக்கத்தில் பெயரும் பொருளும் பொருந்தியே இருந்தன. நோர்வேயின் மோர்கெடால் ஊரைச் சேர்ந்த சோன்ரே நூர்ஹெய்ம் (1825–1897) முறுக்கிய வளார்களைக் குதிகாலைச் சுற்றிக் கட்டித்தான் மலையிலிருந்து குதித்தார். அது உண்மையிலேயே கட்டு.

கட்டுக்குள்ளே ஓர் ஆபத்து இருந்தது. விழும்போது நீண்ட கட்டை ஒரு பக்கம் திரும்பும், உடல் மறுபக்கம் திரும்பும், நடுவில் நிற்பது கணைக்கால் எலும்பு. நோர்வேயில் பிறந்து அமெரிக்காவின் போர்ட்லண்டில் வாழ்ந்த யால்மர் வாம் 1937இல் அப்படித்தான் காலை முறித்துக்கொண்டார். மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடியே, அளவுக்கு மீறி முறுக்கினால் சப்பாத்தை விட்டுவிடும் முன்பிடி ஒன்றை எண்ணி வரைந்தார். 1950களின் தொடக்கத்தில் பிரான்சில் ஜோன் பெய்லும் ஜேர்மனியில் ஹன்னஸ் மார்க்கரும் அதே எண்ணத்தை விற்சுருள் (ஸ்பிரிங்) கொண்டு செம்மையாக்கினார்கள். அன்றிலிருந்து இந்தக் கருவியின் வேலை இரண்டு: பிடிக்க வேண்டும், வேண்டிய கணத்தில் விட வேண்டும். பெயர் மட்டும் முதல் வேலையோடு நின்றுவிட்டது.

தமிழில் அந்தக் குறையையும் சேர்த்துப் பெயர்க்க வேண்டுமா? வேண்டாம் என்பதே என் எண்ணம். ‘கட்டு’ முறிவு வைத்தியரின் வீட்டுக்குப் போய்விடுகிறது. ‘பிணைப்பு’ அகராதிக்கு அழகான சொல். ஆனால் வன்னியில் ‘பிணை’ நீதிமன்றத்தில் கேட்பது, ‘பிணைச்சல்’ கதவில் இருப்பது, ‘பிணையல்’ நெற்கதிரைச் சூடு மிதிக்கும் மாடுகளை ஒன்றோடொன்று தொடுப்பது. இவை எல்லாவற்றிலும் சேர்ந்திருப்பதே அழுத்தம் பெறுகிறது. பிணைச்சல் தானாகக் கழன்றால் அது கேடு, அவ்வளவுதான். ‘கொழுவி’ என்று ஒரு நண்பர் சொன்னார். லாண்ட்மாஸ்டர் என்ற இருசில்லு உழவு இயந்திரத்தில் பெட்டியைக் கொழுவுவதை நினைத்துச் சொன்னார். நல்ல ஈழச் சொல். ஆனால் அதில் இழுவிசை இருக்கிறதே தவிர இறுக்கம் இல்லை.

விடை என் தந்தையிடமிருந்தே வந்தது. பெறாமகன் கைபேசியில் படங்களைக் காட்டி, சப்பாத்தின் நுனி முன்பக்கத்தில் நுழைவதையும் குதி மிதித்ததும் ‘டக்’ என்று பிடிப்பதையும் சொன்னபோது, “மாடு பூட்டுகிற மாதிரி” என்றார். பிறகு, “விழுந்தால் கழலுமா? மாடு சேற்றில் விழுந்தால் முதலில் பூட்டாங்கயிற்றைத்தான் கழற்ற வேண்டும், இல்லையென்றால் கழுத்து போய்விடும்” என்றார். அந்தக் கருவியின் முழு இலக்கணமும் அந்தக் கேள்வியில் இருந்தது.

‘பூட்டு’ என்ற வினை ‘பூண்’ என்பதன் பிறவினை. உண் – ஊட்டு, காண் – காட்டு போல, பூண் – பூட்டு. பூணச் செய்வது பூட்டுவது. விடியலில் ஏர் பூட்டினால் வெயில் ஏறியதும் அவிழ்ப்பார்கள். அவிழ்ப்பதை எதிர்பார்த்துத்தான் தமிழில் பூட்டுகிறோம். இன்னும் ஒரு சான்று உண்டு. செய்யுளின் முதற் சொல்லும் கடைசிச் சொல்லும் சேர்ந்து பொருள் தருவதை நன்னூல் ‘விற்பூண்’ என்கிறது, நாம் பள்ளியில் ‘பூட்டுவிற் பொருள்கோள்’ என்று படித்தோம். நாணேற்றிய வில்தான் பூட்டுவில். வளைந்த வில்லில் அடங்கிக் கிடக்கும் விசை, நாண் விடுபட்டால் நிமிரும் தன்மை, இரண்டும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. நமது கருவியின் உள்ளே இருப்பதும் விற்சுருள்தானே. இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் காணவில்லை: சறுக்குப்பூட்டு.

‘பூட்டு’ என்றால் திறப்போடு (சாவியோடு) வரும் கதவுப் பூட்டு நினைவுக்கு வருமே என்று கேட்கலாம். வரும். ஆனால் ‘மாடு பூட்டினான்’ என்றால் வன்னியில் எவரும் திறப்பைத் தேடுவதில்லை. ‘காற்பூட்டு’ என்று வைத்தால்தான் சிக்கல், அது மற்போரில் எதிராளியின் காலை மடக்கும் பிடியைக் குறித்துவிடும்.

பெயர் சரியாக அமைந்தால் பழுதுகளுக்கும் பெயர் தானாக வருகிறது. பட்டறைக்கு வரும் விலை உயர்ந்த பூட்டுகளின் கோளாறுகளைப் பெறாமகன் அடுக்கினான். பெரும்பாலானவை இரண்டு வகைக்குள் அடங்கின: முந்தி அவிழ்தல், அவிழாமை. முதலாவதில், விழாதபோதே சப்பாத்து கழன்றுவிடும், செங்குத்தான சரிவில் அதுவே விழுத்திவிடும். இரண்டாவதில் எலும்பு முறியும், முழங்கால் இணைப்புநார் அறும்.

எவ்வளவு விசையில் அவிழ வேண்டும் என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. ஜேர்மன் தர நிறுவனத்தின் பெயரால் அதை ‘டின்’ என்கிறார்கள். நான் ‘அவிழ் எண்’ என்பேன். சறுக்குபவரின் நிறை, உயரம், வயது, சப்பாத்தின் அடி நீளம், எவ்வளவு வேகமாகச் சறுக்குபவர் என்பவற்றைப் பார்த்து அந்த எண்ணை வைப்பார்கள். எண்ணைத் திருகி வைத்தால் போதாது, முறுக்குவிசை அளக்கும் கருவியில் வைத்துச் சோதித்தும் பார்க்க வேண்டும். பழைய பூட்டில் எழுதியிருக்கும் எண்ணும் உண்மையில் அவிழும் விசையும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப முடியாது.

மலையிறங்க மட்டும் பயன்படும் பூட்டுகள் பாரமானவை, நீண்ட காலம் உழைப்பவை. அவற்றைக் கெடுப்பவை பெரும்பாலும் வெளியிலிருந்து வருகின்றன. காரின் கூரையில் திறந்தபடி கொண்டு போனால் வீதியில் தூவிய உப்பும் மணலும் உள்ளே போய்க் கிறீஸைக் கழுவிவிடும். வெயிலில் பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மை பெறும். சப்பாத்தோடு தார் வீதியில் நடந்து நடந்து அடி தேய்ந்தாலும், பூட்டின் முன்பக்கத்தில் உராய்வைக் குறைக்கும் தகடு கீறுபட்டாலும், அவிழும் விசை மாறிவிடும்.

மலை ஏறவும் இறங்கவும் பயன்படும் ஊசிப் பூட்டுகள் வேறு உலகம். ஒஸ்ரியாவின் ஃபிரிட்ஸ் பார்தெல் 1980களில் வகுத்த முறை அது. சப்பாத்தின் முன்நுனியில் இருபுறமும் உள்ள குழிகளை இரண்டு ஊசிகள் கவ்வும். பாரம் மிகக் குறைவு, ஆகவே விலை அதிகம். விலை கூடியதால் உறுதியும் கூடியது என்று நினைப்பவர்களைத் திருத்துவதே தன் வேலையில் பாதி என்றான் அவன். அங்கே விலை கொடுத்துக் குறைக்கப்படுவது நிறை. முன்பூட்டின் சிறகுகளுக்கு அடியில் பனி இறுகி உறைந்தால் ஊசிகள் முழுதாக மூடாது, பூட்டியது போலத் தோன்றி முந்தி அவிழும். ஏறும்போது அவிழாமலிருக்கப் போட்ட பூட்டுநெம்பை இறங்கும்போதும் எடுக்காவிட்டால் அவிழாமை. குதிப்பூட்டின் உறை வெடிப்பதும், சப்பாத்தின் குழிகளே தேய்ந்து ஊசி ஆடுவதும் உண்டு.

இரண்டு வகைப் பூட்டுகளுக்கும் பொதுவான நோய் திருகாணி. கட்டையின் உள்ளே உலோகத் தகடு இருந்தால் 4.1 மில்லிமீற்றர் துளை, இல்லாவிட்டால் 3.5. இதில் பிழைத்தாலும், நீர் புகாத பசை வைக்காமல் விட்டாலும், ஈரம் உள்ளே போய் மரம் ஊறித் திருகாணி பிடி இழக்கும். அப்போது பூட்டு சப்பாத்திலிருந்து அவிழாது, கட்டையிலிருந்தே பெயர்ந்து வரும். இதற்கு ‘அவிழ்தல்’ என்று சொல்லக் கூடாது. ‘பெயர்தல்’ என்றே தனியாக வைக்க வேண்டும், ஏனென்றால் முதலாவதைத் திருத்தலாம், இரண்டாவதில் கட்டையே போய்விடக்கூடும்.

பெறாமகன் திரும்பிப் போய்விட்டான். மழைக்காலம் தொடங்கி இரணைமடுக் குளத்தில் நீர் ஏறிக்கொண்டிருந்த ஒரு மாலையில் அழைத்தான். அங்கே பருவம் தொடங்கப் போகிறது, வேலை குவிந்திருக்கிறது என்றான். தந்தை கைபேசியை வாங்கிக் கேட்டது ஒன்றுதான்: “பூட்டெல்லாம் அவிழுதா என்று பார்த்துக் கொடுத்தாயா?”