ஓசோன் ஃப்ரெண்ட்லி கேஸ்னா காத்துல திறந்து விடலாம்னு யார் சொன்னது?

போன வாரம் கிருஷ்ணகிரில ஒரு வீட்டுக்கு ஏசி சர்வீஸுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்ல கீழ இருந்த ஏசிய மாடிக்கு மாத்திட்டு இருந்தாங்க. திடீர்னு புஸ்ஸுனு சத்தம், எட்டிப் பாத்தா ஒரு தம்பி ஸ்பேனர போட்டு கேஸ் பைப்ப மாட்டியிருக்கிற ஃப்ளேர் நட்ட நேரா லூஸ் பண்ணிட்டான், புகை மாதிரி வெள்ளையா அடிக்குது, நட்டு மேல ஐஸ் படிஞ்சிருக்கு, சுவத்துல ஆயில் தெறிச்சு ஒழுகுது. ஏன்டா தம்பி பம்ப் டவுன் பண்ணல, அதாவது கேஸ அவுட்டோர் யூனிட்டுக்குள்ள இழுத்து மூடலன்னு கேட்டா, "இது ஓசோன் ஃப்ரெண்ட்லி கேஸ்ணா, ஒண்ணும் ஆகாது"ன்றான். வீட்டுக்காரரு, "ஓசோன்ல ஓட்டை விழுந்துதானே இந்த வெயிலு கொளுத்துது, அதான் ஓட்டை போடாத கேஸா பாத்து வாங்குனேன்"ன்றாரு. இந்த மாசம் மட்டும் இது நாலாவது வீடுங்க, மனசு கேக்கல, அதான் எழுதுறேன்.

மொதல்ல அந்த ஓட்டை விஷயம். கூரைல ஓடு உடைஞ்சா வெயிலு உள்ள விழுற மாதிரி ஓசோன் ஓட்டை வழியா சூடு இறங்குதுன்னு படிச்சவங்களே நம்புறாங்க. இல்லவே இல்ல. அந்த ஓட்டை இருக்கிறது அண்டார்டிகாவுக்கு மேல, வருஷா வருஷம் செப்டம்பர், அக்டோபர்ல பெருசாகி அப்புறம் சுருங்கிடும். தர்மபுரிக்கு மேல ஓட்டையே கிடையாது. ஓசோன் தடுக்கிறது புற ஊதாக் கதிர, அது குறைஞ்சா தோல் புற்றுநோய், கண்புரை, பயிர் பாதிப்புன்னு வரும், அது வேற ஆபத்து. நம்ம ஊரு வருஷத்துக்கு வருஷம் சூடாகுறதுக்குக் காரணம் கார்பன் டை ஆக்சைடு மாதிரி வாயுங்க போர்வை மாதிரி மூடிக்கிட்டு பூமியோட சூட்ட வெளிய விடாம வச்சிருக்கிறது. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க, தயவு செஞ்சு.

அப்போ ரெண்டுக்கும் சம்பந்தமே இல்லையான்னா, இருக்கு, எங்க சிலிண்டர்லதான் இருக்கு. பழைய ஃப்ரிட்ஜ்ல இருந்த ஆர்12ன்ற கேஸ் ஓசோனையும் தின்னுச்சு, ஒரு கிலோ வெளிய போனா 10,000 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு மேல சூட்டையும் புடிச்சு வச்சுச்சு. ஓசோன கெடுக்கிற வாயுங்கள நிறுத்த நாடுங்க சேந்து போட்ட 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தால அதெல்லாம் நின்னு போச்சு, ஓசோனும் மெதுவா தேறிட்டு வருது, உலகத்துல பெரும்பாலான இடத்துல 2040 வாக்குல 1980 அளவுக்கு வந்துடும், அண்டார்டிகாவுக்கு மட்டும் 2066 வரைக்கும் ஆகும்னு ஐநா கணிப்பு. ஆனா அதுக்குப் பதிலா வந்த ஆர்134ஏ, ஆர்410ஏ எல்லாம் ஓசோன தொடாதே தவிர சூட்ட வெளிய விடாம புடிச்சு வைக்கும். அதனாலதான் 2016ல ருவாண்டா நாட்டு கிகாலில நாடுங்க மறுபடி உக்காந்து இதையும் குறைக்கணும்னு முடிவு பண்ணாங்க. இந்தியா 2021ல ஏத்துக்கிச்சு, 2047க்குள்ள 85 சதவீதம் குறைக்கணும்.

அந்த தம்பி திறந்து விட்ட யூனிட் லேபிள்ல 1.1 கிலோ ஆர்410ஏன்னு இருந்துச்சு. அது கார்பன் டை ஆக்சைட விட கிலோவுக்கு 2,088 மடங்கு சூடு புடிக்கும், அப்போ ஏறக்குறைய 2.3 டன் கார்பன் டை ஆக்சைடு. 1,000 லிட்டர் பெட்ரோல் எரிச்ச கணக்கு. லிட்டருக்கு 50 குடுக்கிற பைக்ல 50,000 கிலோமீட்டர் ஓட்டினதுக்குச் சமம், ரெண்டு நிமிஷத்துல போச்சு. ஆர்32 பரவாயில்லையான்னு கேப்பீங்க, அதுவும் 675 மடங்கு, அது போக தீப்பிடிக்கும், ரூமுக்குள்ள விடவே கூடாது. பழைய ஆர்22 ஏசின்னா ஓசோனுக்கும் கேடு, சூடும் 1,810 மடங்கு.

வீட்டுக்காரங்களே, ஏசி கழட்ட ஆள் வந்தா நட்டுல கை வைக்கிறதுக்கு முன்னாடி பம்ப் டவுன் பண்ணுவீங்களான்னு கேளுங்க, முழிச்சாருன்னா வேற ஆள பாருங்க. வருஷா வருஷம் "கேஸ் கம்மியா இருக்கு, டாப் அப் போடு"ன்னு சொல்லாதீங்க, அது பெட்ரோல் மாதிரி தீர்ற பொருள் இல்ல, கம்மியானா எங்கயோ லீக்குன்னு அர்த்தம். லீக்க அடைக்காம கேஸ் அடிக்கிறவருக்கு காசே குடுக்காதீங்க. கம்ப்ரஸர் செத்துப்போன பழைய யூனிட்ட நேரா காயலான் கடைக்குத் தூக்காதீங்க, பைப்ப வெட்டின உடனே மிச்ச கேஸ் பூரா காத்துலதான் போகும், கேஸ உறிஞ்சி சிலிண்டர்ல புடிக்கிற ரெக்கவரி மெஷின் வச்சிருக்கிறவர கூப்பிட்டு எடுத்துட்டு அப்புறம் போடுங்க.

தம்பிங்களா, உங்களத் திட்டணும்னு எழுதல, யாரும் சொல்லித் தரலன்னு எனக்குத் தெரியும். கூலிங்ல ஓட விடுங்க, சின்ன பைப் வால்வ அலன் கீ போட்டு மூடுங்க, கேஜ்ல பிரஷர் கிட்டத்தட்ட ஜீரோவுக்கு வந்ததும் பெரிய பைப்பையும் மூடி உடனே ஆஃப் பண்ணுங்க. சில நிமிஷ வேலை, கேஸ் பூரா அவுட்டோர்லயே நிக்கும், மாடில மாட்டி வேக்கும் போட்டு, அதாவது பைப்புக்குள்ள இருக்கிற காத்த உறிஞ்சி எடுத்துட்டு, வால்வ திறந்தா அதே கேஸ்ல ஏசி ஓடும். அந்த வீட்ல மறுநாள் நான்தான் போய் 1.1 கிலோ புதுசா எடை வச்சு ஏத்தினேன், காசு குடுத்தது அந்த வீட்டுக்காரரு.